நாற்பது ஈயச் சிப்பாய்கள்

முரசடிக்கும் சிப்பாயின் கைகள் வைத்த இடத்தில் இல்லை.

லியனார்ட் அதை ஜன்னலருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சுண்டுவிரல் உயரம்கூட இல்லாத ஈயப் பொம்மை. நேற்றுச் சாயங்காலம்தான் அதன் கைகளை முழங்கையில் மடக்கி, முரசுக்கு நேரே இறக்கி, ஒவ்வொரு கையிலும் ஒரு மெல்லிய கம்பித் துண்டைக் குச்சியாகப் பற்றவைத்திருந்தான். இப்போது அந்தக் குச்சிகள் இரண்டும் மேசைமேல் உதிர்ந்து கிடந்தன. கைகள் முரசைவிட்டு ஒரு நெல்மணி உயரத்துக்கு எழும்பியிருந்தன. உள்ளங்கைகள் வெளிப்பக்கம் திரும்பியிருந்தன.

ஈயம் மென்மையான உலோகம்தான். வெயிலில் வைத்தால் குழையும், கை பட்டால் வளையும். ஆனால் வெயிலைக் கண்டு பதினெட்டு நாளாகிவிட்டது. காலையில் மூடிய பனி மத்தியானம் கொஞ்சம் விலகி, மஸ்கெலியா நீர்த்தேக்கத்தின் ஒரு கீற்றைக் காட்டிவிட்டு மூன்று மணிக்கெல்லாம் திரும்ப மூடிவிடும். கூரைத் தகரத்தில் மழை ஓயாமல் பொரிந்துகொண்டிருந்தது. வீட்டில் மனைவி மரியநாயகியைத் தவிர வேறு யாரும் இல்லை. அவள் இந்த மேசைக்குப் பக்கத்தில் வருவதே இல்லை.

‘பத்தவச்ச சூடு ஆறாம இருந்திருக்கும்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சின்னக் குறட்டால் கைகளைப் பழையபடி கீழே இறக்கினான். லேசாக எதிர்த்தது போலிருந்தது. அதுவும் ஈயத்துக்குப் பழக்கமில்லாத குணம்.

அது எழுபத்துநாலாம் வருஷத்து ஆடி மாதம். குருவிமலைத் தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில் லியனார்ட் பிட்டராக இருந்தான். ரோலர் இயந்திரத்தின் பல்சக்கரம் உடைந்தாலும், துரை பங்களாவின் சுவர்க்கடிகாரம் நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் கடிகாரத்தைப் பழுதுபார்க்கப் போன இடத்தில்தான் வில்மட் துரையின் யுத்த மேசையை முதன்முதலாகப் பார்த்தான். பில்லியர்ட் மேசையின் மேல் சாக்குத் துணியும் சுண்ணாம்பும் கொண்டு மலை, ஆறு, பாலம் எல்லாம் செய்து, இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கில் ஈயச் சிப்பாய்களை நிறுத்தியிருந்தார் துரை. அடிக்கோலால் தூரம் அளந்து, பகடை உருட்டி, செத்தவர்களை எண்ணி ஓரமாக எடுத்துவைத்து விளையாடுகிற விளையாட்டு. நோர்வூட் பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒருவர்தான் எதிராளி.

சீமையிலிருந்து பொம்மை வரவழைக்க அப்போது வழியில்லை; இறக்குமதி எல்லாம் நிறுத்தப்பட்டிருந்தது. கையொடிந்த, தலை போன பழைய சிப்பாய்களை லியனார்டிடம் கொடுத்துப் பார்த்தார் துரை. ஊசி போன்ற ரம்பத்தால் ஒருவன் தலையை அறுத்து இன்னொருவன் கழுத்தில் வைத்து, தொப்பியை அரத்தால் ராவி வேறு தொப்பியாக்கி, நின்றவனை மண்டியிட வைத்து, ஆங்கிலேயச் சிப்பாயைப் பிரெஞ்சுச் சிப்பாயாக மாற்றிக் கொண்டுவந்தான் லியனார்ட். துரை பூதக்கண்ணாடியை எடுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்:

“லியனார்ட், நீ எனக்குப் புது ஆள் செய். நாப்பது பேர். ஆகஸ்ட்டுல சண்டை. ஒரு மூட்டை மாவு, அரை மூட்டை அரிசி தாறேன்.”

அந்த வருஷம் அரிசியும் மாவும் பார்ப்பதே அரிதாக இருந்தது. தொழிலாளர் லயங்களில் மரவள்ளிக் கிழங்கும் கீரையும், சில நாள் வெறும் தேயிலைச் சாயத்தண்ணியும்தான். மேட்டு லயத்தில் இரண்டு பேர் பட்டினியிலேயே போய்ச்சேர்ந்திருந்தார்கள். மரியநாயகிக்கு அப்போது ஏழு மாதம். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் மூன்றாவது முறையாகத் தரித்திருந்தாள். முதல் இரண்டும் தங்கவில்லை. “சாப்பாடு வேணும், மத்தது எல்லாம் தானா நடக்கும்” என்று டிஸ்பென்சரி ஐயா சொல்லிவிட்டார். அது எங்கே கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை.

லியனார்ட் ஒப்புக்கொண்டான். கை முறிந்தவர்களுக்குக் கட்டுப்போட வைத்திருக்கும் வெள்ளை மாவை டிஸ்பென்சரியில் கேட்டு வாங்கி, இரண்டு பாதியாகத் திறக்கும் அச்சு ஒன்று செய்தான். கைகளைத் தொங்கவிட்டு நேராக நிற்கும் ஓர் ஆள். அந்த ஒரே ஆளைத்தான் நாற்பது முறை வார்த்து, பிறகு ஒவ்வொருவனாக வளைத்து, வெட்டி, ஒட்டி, நாற்பது பேராக மாற்ற வேண்டும். சுண்ணாம்புத் தூளும் எண்ணெயும் பிசைந்து கோட்டு வால், முதுகுப்பை. அணில் வால் மயிரில் தூரிகை. எல்லாவற்றுக்கும் வழி இருந்தது. ஈயத்துக்குத்தான் இல்லை. தேயிலைப் பெட்டிகளுக்குள் முன்பு போட்டுவந்த ஈயத்தாள் நின்று பல வருஷமாகியிருந்தது. ஸ்டோர் அறையின் மூலைமுடுக்கெல்லாம் தேடியும் ஆறு சிப்பாய்க்குத்தான் தேறியது.

ஏழாம் நம்பர் மலைக்கு மேலே, சைப்ரஸ் மரங்களுக்கு நடுவில், பழைய காலத்துத் துரைமார் கல்லறை இருந்தது. ஆனி மாதத்து மழையில் அதன் ஒரு ஓரம் சரிந்திருந்தது. சரிவை மறிக்கக் கட்டை அடிக்கப் போன லியனார்ட், மண்ணிலிருந்து துருத்திக்கொண்டிருந்த ஒரு சவப்பெட்டியைப் பார்த்தான். மேல் மரம் உளுத்துக் கொட்டியிருந்தது. உள்ளே, மரத்துக்குச் சட்டை போட்டது மாதிரி, சாம்பல் நிறத்தில் கனத்த ஈயத் தகடு.

நாலு நாள் யோசித்தான். ஐந்தாம் நாள் மரியநாயகி அடுப்படியில் மயங்கி விழுந்தாள். அன்று மத்தியானமே தகரக் கத்திரியோடு மேலே ஏறினான். பெட்டியின் தலைமாட்டுக் கல் குப்புற விழுந்து கிடந்தது. அதைப் புரட்டி யாருடைய பெயரென்று பார்க்க அவனுக்கு மனம் வரவில்லை. உள்ளேயும் பார்க்கவில்லை. முகத்தை ஒருபக்கமாகத் திருப்பிக்கொண்டு, மூடியிலிருந்து இரண்டு முழத் தகட்டை வெட்டிச் சுருட்டிச் சாக்கில் போட்டுக்கொண்டான். சேசுவே, புள்ளைக்காகத்தான், என்று ஒருமுறை சொன்னான்.

வீட்டுக்கு வந்து தகட்டை விரித்தபோது அதன் உட்பக்கத்தில் கோடுகள் தெரிந்தன. மெல்லிய, நீளமான, பக்கம்பக்கமாக ஓடும் கோடுகள். தகடு உருட்டிய இயந்திரத்தின் தடம் என்று நினைத்தான். ஸ்டோரில் தேறியதையும் சேர்த்து அடுப்பில் வைத்து உருக்கினான். உருகிய ஈயத்தின் மேல் படியும் ஆடையைச் சாம்பல் போட்டு வழித்தான். திரும்ப ஆடை படிந்தது. அதில் அதே கோடுகள். திரும்ப வழித்தான். திரும்ப வந்தன. நாலு கோடு, கொஞ்சம் தள்ளி ஒன்று. அதற்குமேல் அவன் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, அச்சில் ஊற்றிவிட்டான்.

முரசுக்காரனுக்குப் பிறகு கொடி பிடிப்பவன். அதற்கடுத்த நாள் துப்பாக்கி தோளில் வைத்த ஐந்து பேர். ஒவ்வொரு நாளும் தொழிற்சாலை வேலை முடிந்து வரும்போது யாராவது ஒருவனின் துப்பாக்கி கழன்று கிடக்கும். கைகள் எழும்பியிருக்கும். குறட்டால் இறக்குவான். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் உயரத்தில் இருக்கும்.

கையைவிடப் பெரிய சங்கடம் விரல்கள்தான். அந்த அளவுப் பொம்மைக்கு அவன் விரல் செதுக்குவதில்லை. கை என்றால் ஒரு சின்ன உருண்டை. அரத்தால் இரண்டு கீறல். மிச்சத்தைச் சாயம் பார்த்துக்கொள்ளும். ஆனால் இப்போது துரையிடம் இரவல் வாங்கிய பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஐந்து விரல் இருந்தது. கணு இருந்தது. நகம் இருந்தது. அவனிடம் இருந்த எந்த ஊசியாலும் அவ்வளவு நுணுக்கமாகக் கீற முடியாது. சில விரல்களில் நகம் பாதிதான் இருந்தது. நுனி தேய்ந்திருந்தது.

அவன் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தான். அதற்குப் பிறகு அதைக் கையிலெடுக்கவில்லை.

“இங்கேருங்க” என்றாள் மரியநாயகி, ஒரு புதன்கிழமை, அவன் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது. “அந்த பிஸ்கட் டின்னுக்குள்ள என்னத்த வச்சிருக்கீங்க?”

“பொம்மதான். ஏன்?”

“நீங்க பெக்டரிக்குப் போன பெறகும் அரம் போடுற சத்தம் கேக்குது.”

துண்டு அவன் கையிலேயே நின்றது.

“எலியா இருக்கும்.”

“எலி இப்புடியா? ஒரே மாதிரி, மெதுவா… கொஞ்ச நேரம் நிக்குது, திரும்பவும் கேக்குது. நான் போயி டின்னுமேல கைய வச்சேன். நின்னுருச்சு.” அவள் சிரிக்கப் பார்த்தாள். “கைய எடுத்தேன். தட்டுச்சு.”

“அத நீ தொடாத. வெளங்குதா? அந்தப் பக்கமே போவாத.”

அவன் குரல் உயர்ந்ததில் அவள் முகம் சுருங்கியது. அவளை உட்காரவைத்து, மழையில் டின் சுருங்கி விரிகிற சத்தம் அது என்று ஒரு கதை சொன்னான். அவள் நம்பினாளோ என்னவோ, வயிற்றைத் தடவிக்கொண்டு சரி என்றாள். அவள் கன்ன எலும்பு இரண்டும் தோலுக்கு வெளியே தெரிந்தன. மாவு மூட்டை கண்ணுக்கு முன்னால் வந்துபோனது. வேலையை நிறுத்திவிடலாம் என்று நினைத்த அந்த ஒரு நிமிஷம் அதோடு கடந்தது.

கடைசியில் முகங்கள். வாய்க்கு ஒரு கோடும் மூக்குக்கு ஒரு மேடும்தான் அவன் வைத்தது. சாயம் பூசப் போனபோது தூரிகையின் நுனி வாய்க்குள்ளே இறங்கியது. அங்கே குழி இருந்தது. பக்கத்திலிருந்தவனுக்கும் குழி. அதற்குப் பக்கத்திலிருந்தவனுக்கும். அவன் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு சிவப்பையும் நீலத்தையும் பூசி முடித்தான். சாயம் காய மறுத்தது. மூன்று நாளாகியும் தொட்டால் ஒட்டியது; ஈரமண் வாசமும், வெகுநாள் பூட்டியிருந்த அலமாரியைத் திறந்தால் வருகிற வாசமும் கலந்து மேசையைச் சுற்றியே நின்றது. குறட்டால் நாற்பது பேரின் கைகளையும் இறக்கி, துப்பாக்கிகளை அழுத்திப் பற்றவைத்து, சனிக்கிழமை காலையிலேயே பிஸ்கட் டின்னோடு பங்களாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மூட்டைகளை வாங்கிக்கொண்டு திரும்பினான்.

அன்று மத்தியானம் வீட்டில் ரொட்டி சுட்ட வாசம் லயம் வரை போயிற்று. மரியநாயகி மூன்று ரொட்டி சாப்பிட்டாள். நாலாவதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே அவன் மேசையைத் துடைத்து, அச்சை உடைத்து ஓடையில் போட்டுவிட்டு வந்தான். மிச்சமிருந்த கையளவு ஈயத் துண்டைக் கோணியில் சுற்றிக் கூரை இறவாணத்தில் சொருகினான். வீட்டில் சத்தமே இல்லை. மழைகூட விட்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு, பங்களாவின் அப்பு செல்லசாமி தொழிற்சாலை வாசலில் வந்து நின்றார். முப்பது வருஷம் பங்களாச் சமையலறையை ஆண்ட மனிதர். சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டு யாரும் அவரைப் பார்த்ததில்லை. அன்று போட்டிருந்தார்.

“தொரை கூப்புடுறாரு. ஒடனே வா.”

“என்னாங்கண்ணே, என்ன விசயம்?”

“வந்து பாரு” என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

யுத்த மேசையருகே வில்மட் துரை புகைக்குழாயைப் பற்றவைத்துக்கொண்டு நின்றார். மேசையின் ஒரு மலைச்சரிவு வெறுமையாக இருந்தது. அவருக்குக் கோபம் பாதி, சிரிப்பு பாதி.

“என்ன லியனார்ட், இது என்ன ஆளுங்க? சண்டைக்கு நிறுத்தி வச்சா காலையில எல்லாத்துக்கும் துப்பாக்கி கீழ. எல்லாரும் கையைத் தூக்குறான். நாப்பது பேரும் சரணடையிறான்!”

“ஈயம் கொஞ்சம் மெதுவுங்க தொரை…”

“மாவு சாப்பிட்டாச்சு இல்ல? அப்போ திருத்திக் குடு. சனிக்கிழமை நோர்வூட் தொரை வாறார்.” குழாயால் பக்கத்து அறையைக் காட்டினார். “அப்புகிட்ட இருக்கு. எடுத்துட்டுப் போ.”

பக்கத்து அறையில் தேக்குப் பெட்டி ஒன்று இருந்தது, கரண்டி முட்கரண்டி வைப்பதற்கானது. செல்லசாமி அதன் பக்கத்தில் போகாமல் கதவோரமே நின்றுகொண்டார்.

“தொரை எடுத்து வைக்கச் சொன்னாரு. சாயம் ஒட்டுதேன்னு பஞ்சு போட்டு வரிசையா மல்லாக்கப் படுக்க வச்சேன். மூடி போட்டேன். அவ்வளவுதான் நான் செஞ்சது. கொஞ்ச நேரத்துல ஆரம்பிச்சிருச்சு. நீயே தெற.”

லியனார்ட் மூடியைத் தூக்கினான்.

நாற்பது பேரும் மல்லாந்து கிடந்தார்கள். நாற்பது ஜோடிக் கைகள் நேர் மேலே நீட்டியிருந்தன. நிற்கும்போது சரணடைவது மாதிரித் தெரிந்த கைகள். படுத்திருக்கும்போது அவை வேறு எதையோ செய்துகொண்டிருந்தன. உள்ளங்கைகள் விரிந்து, மணிக்கட்டு மடங்கி, எல்லாம் ஒரே மட்டத்தில் நின்றன. மேலே இருக்கும் ஒன்றைத் தள்ளுகிற கைகள். முழங்கையை முழுசாக நீட்ட இடம் போதாத கைகள். முகங்கள் எல்லாவற்றிலும் வாய் திறந்திருந்தது.

மூடி அவன் கையில் இருந்தது. அதைத் திருப்பினான். தேக்கின் உட்பக்க மெருகில் நூலைவிட மெல்லிய கோடுகள். நாலு கோடு, கொஞ்சம் தள்ளி ஒன்று. நாலு கோடு, கொஞ்சம் தள்ளி ஒன்று. மூடி முழுவதும்.

அடுப்பிலிருந்த ஈயத்தின் ஆடை ஞாபகம் வந்தது. அதற்கு முன்னால், விரித்துப் போட்ட தகட்டின் உட்பக்கம். அந்தக் கோடுகளைப் போட்டது எந்த இயந்திரமும் இல்லை. அந்தப் பெட்டியை மூடி, ஈயத்தால் பற்றவைத்து, ஆறடிக் குழிக்குள் இறக்கி, மேலே மண்ணும் தள்ளியபோது, உள்ளே இருந்தவர்—

அவன் மூடியை வைத்து இறுக்கினான். தன் கைகள் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, பதறி எடுத்தான்.

“இத எங்கருந்து கொண்டாந்த லியனார்ட்?” என்றார் செல்லசாமி.

“திருப்பிக் குடுத்துர்றேன் அண்ணே.”

“யாருகிட்ட?”



லியனார்ட் பொம்மைகளைப் பஞ்சோடு அள்ளி பிஸ்கட் டின்னில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். இறவாணத்துக் கோணியை உருவினான். “என்னாங்க, இந்நேரத்துல?” என்று மரியநாயகி கட்டிலிலிருந்தே கேட்டதற்கு, இந்தா வாறேன் என்று மட்டும் சொல்லி மண்வெட்டியை எடுத்தான்.

ஏழாம் நம்பர் மலையில் ஏறும்போது மணி நாலாகியிருக்கும். கொழுந்து நிறுக்க எல்லாரும் கீழே இறங்கிவிட்டார்கள். பனி இறங்க ஆரம்பித்திருந்தது. முதலில் நீர்த்தேக்கம் போனது, பிறகு தொழிற்சாலையின் கூரை, பிறகு பின்னால் வந்த பாதை. தேயிலைச் செடிகள் நாலைந்து வரிசைக்கு அப்பால் சாம்பலாகக் கரைந்தன. சைப்ரஸ் மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம். அட்டை ஏறிய காலில் நமைச்சல். கக்கத்தில் டின். டின்னுக்குள் அரம் போடுகிற சத்தம்.

திரும்பத் திரும்பக் கேட்டது. மெதுவாக. கீறல், கீறல், நிறுத்தம். அவன் மேலே ஏற ஏற அது வேகமானது. கல்லறையின் இரும்புக் கதவைத் தாண்டியபோது நாற்பது பேரும் ஒன்றாகக் கீறினார்கள். டின் விலாவில் அதிர்ந்தது.

பெட்டி அப்படியேதான் இருந்தது. அவன் வெட்டிய இடம் கறுப்பாகத் திறந்திருந்தது. மழை மண் கொஞ்சம் உள்ளே போயிருந்தது. வெட்டாமல் விட்ட மூடி ஒரு பக்கமாக மேலே வளைந்து நின்றது. அதன் உட்புறம் அவன் பார்வைக்கு நேராக. இந்த முறை முகத்தைத் திருப்ப நேரமில்லை. கோடுகள். தகட்டை அரைவாசி தின்றுவிட்ட கோடுகள். ஒரு இடத்தில் ஏதோ பதிந்திருந்தது. சிறியது. வளைந்தது. மஞ்சள் நிறம்.

நகம்.

அவன் டின்னைக் கவிழ்த்தான். நாற்பது பேரும் இருட்டுக்குள் விழுந்தார்கள். விழுந்த சத்தம் வரவில்லை. கோணியிலிருந்த துண்டையும் போட்டான். வளைந்த மூடியை மண்வெட்டியின் முதுகால் அடித்துத் தாழ்த்தினான். அடிக்கும்போதெல்லாம் அதே வார்த்தை. மன்னிச்சிருங்க. மன்னிச்சிருங்க. மண்ணை இழுத்தான். ஈர மண். கல். வேர். கையால் தள்ளினான். முழங்காலால் மிதித்தான். கீழே கீறல் கேட்டது. ஒரு முழ மண்ணுக்குப் பிறகும் கேட்டது. இரண்டு முழம். கேட்டது. காதை மண்ணில் வைத்தான்.

நின்றது.

சைப்ரஸ் சொட்டுகிற சத்தம் மட்டும். அவன் அங்கேயே மல்லாந்து படுத்து மூச்சு வாங்கினான். பிறகு, தான் மல்லாந்து கிடப்பது உறைக்க, எழுந்து ஓடினான்.

கீழே வந்தபோது லயங்களில் விளக்கு வைத்திருந்தார்கள். யாரோ பிள்ளையைத் திட்டுகிற சத்தம், மசாலை அரைக்கிற சத்தம், எல்லாம் அவனுக்குத் தேவலோகத்துச் சங்கீதமாகப் பட்டது. பீலியில் கொட்டுகிற தண்ணீரில் கைகளைத் தேய்த்துக் கழுவினான். நகக்கண்ணிலிருந்த மண்ணைக் குச்சியால் எடுத்தான். திரும்பக் கழுவினான். துரையிடம் என்ன சொல்வது என்று யோசித்தான். வேலை போனால் போகட்டும். மாவு மூட்டை இன்னும் பெரிதாகக் குறையவில்லை. அதைக்கொண்டு எட்டாம் மாதத்தைத் தாண்டிவிடலாம்.

மரியநாயகி சுவரில் தலையணை கொடுத்துச் சாய்ந்திருந்தாள். குப்பி விளக்கின் வெளிச்சத்தில் அவள் முகத்தில் கொஞ்சம் சதை பிடித்த மாதிரி இருந்தது. அவனைக் கண்டதும் சிரித்தாள்.

“எங்க போனீங்க, சட்டையெல்லாம் சேறா?”

“மேல மண்ணு சரிஞ்சிருந்திச்சு. சரி பண்ணிட்டேன். இனி ஒண்ணுமில்ல.”

“நானும் பயந்துட்டேன். சரி, இங்க வாங்களேன். அஞ்சு மணியிலருந்து புள்ள சும்மாவே இல்ல. இதுக்கு முந்தி இப்புடி ஆடுனதேயில்ல. கைய வச்சுப் பாருங்க.”

அவன் கட்டிலருகே மண்டியிட்டான். கண்ணில் நீர் முட்டியது. முதல் இரண்டும் இந்த மாதம் வரை வந்ததில்லை. சேலையை விலக்கி, குளிர்ந்த உள்ளங்கையை ஊதிச் சூடாக்கி, வயிற்றின் மேல் வைத்தான். இறுகிய, வெதுவெதுப்பான தோல். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு உள்ளேயிருந்து ஒரு சின்ன மேடு எழும்பி அவன் கையை முட்டியது.

“இந்தா” என்றாள் அவள், கண்ணை மூடிக்கொண்டு. “ஒதைக்குதுல்ல?”

“ஆமா புள்ள.”

அதற்குப் பக்கத்தில், நாலு விரல்கடை தள்ளி, இன்னொரு மேடு எழும்பியது. இரண்டும் ஒரே மட்டத்தில் நின்றன. இறங்கவில்லை. அழுத்தின.

அவன் கையை எடுத்தான்.

விளக்கைப் பக்கத்தில் இழுத்தான். தோல் இழுபட்டு மினுங்கியது. அதற்கடியில் இரண்டு உள்ளங்கைகள். ஒவ்வொன்றும் அவன் கட்டைவிரல் நகத்தளவு. விரல்களை விரித்து, மணிக்கட்டை மடக்கி, வெளியே பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தன. தள்ளின. ஓய்ந்தன. திரும்பத் தள்ளின.

“என்னாங்க,” மரியநாயகியின் சிரிப்பு பாதியில் நின்றது, “உள்ளுக்குள்ள அது என்னா சத்தம்?”

விரல்கள் மடங்கின. மேலிருந்து கீழாக, மெதுவாக, அவள் வயிற்றுத் தோலில் உள்ளேயிருந்து கோடுகள் இறங்கத் தொடங்கின. நாலு கோடு, கொஞ்சம் தள்ளி ஒன்று.